பெயரா, லோகோவா, காப்பிரைட்டா? பொடி பாக்கெட்டுக்கு நான் எடுத்த பதிவு

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி என்று வீட்டிலிருந்தே விற்க ஆரம்பித்து மூன்றாவது வருடம்தான் பதிவு பற்றி யோசித்தேன். ஒதுக்க முடிந்தது பத்தாயிரம் ரூபாய். அதற்குள் பெயரை மட்டும் டிரேட்மார்க் (வணிகக்குறி) செய்வதா, லோகோவைச் செய்வதா, பாக்கெட் படத்துக்கு காப்பிரைட் வாங்குவதா? பெயரை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காப்பிரைட்டை முதலில் முடித்துவிடலாம். (நம் ஊரில் பலர் இதையும் கண்டுபிடிப்புகளுக்கான பேடன்டையும் சேர்த்துக் 'காப்புரிமை' என்கிறார்கள், இது பதிப்புரிமை.) படம் வரைந்த நிமிடமே அது வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. வரைந்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். கதை எழுதுபவர், ஓவியர், புகைப்படக்காரர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் ஒரு பெயரை இது காக்காது. பொருளின் மேல் ஒட்டும் படத்தைப் பதிவு செய்வதென்றால், அதே மாதிரி வணிகக்குறி வேறு இல்லை என்று டிரேட்மார்க் பதிவாளரிடம் சான்றிதழும் வாங்க வேண்டும். மலிவு என்று போனவர்கள் அங்கேதான் திகைக்கிறார்கள்.

மீதி பெயரும் லோகோவும். கட்டணத்தில் வித்தியாசமே இல்லை: தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, ₹4,500. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம். லோகோ மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வருடத்தில் நானே இரண்டு முறை மாற்றிவிட்டேன், முதலில் உரலும் உலக்கையும், அப்புறம் வாழை இலை. பதிவான குறியில் அடையாளமே மாறும்படி கை வைக்க முடியாது. புதுப் படத்துக்குப் புது விண்ணப்பம், புதுக் கட்டணம். பழையதை ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் அதை நீக்கச் சொல்லி இன்னொருவர் கேட்கலாம். பெயரை மட்டும் பதிந்தால் எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் அச்சடித்தாலும் அது உங்கள் பெயர். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

லோகோவில் இன்னொரு தலைவலியும் உண்டு. முதல் படம் போட்டுத் தந்த பையன் அடுத்த அச்சடிப்பின்போது மேலும் பணம் கேட்டான். சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது. சம்பள ஊழியர் வேலைக்காக வரைந்தால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் வரைந்தால், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராதவரை உரிமை அவருடையதே. பில் கட்டியது மட்டும் போதாது. எழுதி வாங்கினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கணக்கு. இதைப் படித்த அன்று எனக்கு ரசம் இறங்கவில்லை.

பெயரிலும் ஒரு முள் இருக்கிறது. ஊர்ப் பெயரோடு 'பொடி' சேர்த்து வைத்தால் ஆட்சேபணை வரும், பொருளை விவரிக்கும் சொல்லை ஒருவருக்கே தரமாட்டார்கள். அதனால் பாட்டியின் செல்லப் பெயருக்கு மாறினேன். விவரிக்கும் பெயரை விட மனமில்லாதவருக்கு லோகோ வழி சற்று சுலபம்தான், ஆனால் அதே சொல்லை வேறு படத்தோடு போடுபவரைத் தடுப்பது கஷ்டம். தமிழ் எழுத்தில் தந்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துத் தர வேண்டும். அப்புறம் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகி நான்கு மாதம் யாராவது எதிர்க்கிறார்களா என்று காத்திருப்பு. பதிவாகும்வரை பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' மட்டும்தான். வட்டத்துக்குள் 'ஆர்' போடக்கூடாது.

நான் வழக்கு வரை போனதில்லை, நீதிமன்றத்தில் எது எவ்வளவு கைகொடுக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் பழக்கமாக்கிக்கொண்டேன்: எனக்கு முன்பே அந்தப் பெயரில் விற்பவரை என் பதிவு தடுக்காது, எனவே என் முதல் பில் முதல் எல்லாவற்றையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

பொடிகள் 30ஆம் வகுப்பில் அடங்கிவிட்டன. இப்போது ஊறுகாயும் ஆரம்பித்திருக்கிறேன், அது 29. இன்னொரு ₹4,500.