டோக்கன் மிஷின் முன்னால் அம்மா

"என் கைக்கு ராசியில்லட்டி, நீயே அமுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா இரண்டடி பின்னால் போய் நின்றாள். மும்பை சயானில் ஒரு தனியார் மருத்துவமனை. வாசலை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு டோக்கன் மிஷின். எங்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில்.

மெல்பர்னில் நான் செய்கிற வேலையே மருத்துவமனைகளுக்குக் கணினித் திரைகளை வடிவமைப்பதுதான். நவம்பரில் மூன்று வாரம் மும்பைக்கு வந்தது அம்மாவின் லைஃப் சர்டிஃபிகேட்டுக்கும் கண் பரிசோதனைக்கும். இரண்டும் முடிந்தன. ஆனால் திரும்பி வந்த பிறகும் அந்த வாசலில் அம்மா பின்வாங்கி நின்ற நிற்பு என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லபடியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதற்கு வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். 2014-ல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச்சான்று வந்தபோது, வங்கியில் போய் நிற்காமல் கைரேகை வைத்தே முடிக்கலாம் என்றானது. ஆனால் எழுபது வயது வரை பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை எடுப்பது லேசில்லை. 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி வந்தது அம்மா மாதிரி ஆட்களுக்குப் பெரிய ஆறுதல். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்தேன். கண்ணைச் சிமிட்டினாள். கொஞ்ச நேரத்தில் எஸ்எம்எஸ் வந்துவிட்டது. மனதாரப் பாராட்டுகிறேன்.

சரி, டோக்கன் மிஷினுக்கு வருகிறேன்.

முதல் திரையில் மராத்தி, இந்தி, இங்கிலீஷ். அம்மா பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மும்பைக்கு வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது, இந்தி சரளமாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இந்தியை அமுக்கினாள். அடுத்து மொபைல் நம்பர். பத்து இலக்கத்தையும் பிசகில்லாமல் போட்டாள். அப்புறம் துறை, அப்புறம் டாக்டர். கடைசியில் 'உறுதி செய்' என்ற பட்டன், திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு. குனிந்து அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. பட்டன் நிறம் மாறவில்லை, சத்தமும் இல்லை. நான் மனதுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. சரியாக அமுங்கவில்லை போல என்று அவள் மறுபடி அமுக்கினாள். அதே நொடியில் அடுத்த திரை வந்து விழுந்தது. முந்தின திரையில் 'உறுதி செய்' இருந்த அதே இடத்தில் இந்தத் திரையில் 'ரத்து' இருந்தது.

எல்லாம் அழிந்து மறுபடி மராத்தி, இந்தி, இங்கிலீஷ். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அப்போதுதான் அம்மா கைக்கு ராசியில்லை என்றாள்.

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் வந்து, "எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது மாஜி" என்று இந்தியில் சொல்லிவிட்டு, பழகிய கையால் ஐந்து தட்டலில் டோக்கனை எடுத்துக் கொடுத்தார். காலையிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. மிஷினை அமுக்கித் தர ஒரு ஆளை நிறுத்த வேண்டியிருந்தால் கோளாறு யாரிடம் என்று ஆராயவே வேண்டாம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவுக்கு ஒரு கதை சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கின பிறகு சில சமயம் ஓடுபாதையிலேயே வயிறு தரையில் இடிக்க உட்கார்ந்துவிடும். இறக்கையில் ஏற்றி இறக்குகிற மடிப்பைத் (ஃபிளாப்) தூக்க வேண்டிய பைலட் தவறிப்போய்ச் சக்கரத்தை மடக்கியிருப்பார். 'பைலட் தவறு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானத்துக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு கைப்பிடிகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் ஒரு சின்னச் சக்கரத்தையும் மடிப்புக்கான பிடியில் ஆப்பு மாதிரி ஒரு கட்டையையும் மாட்டச் சொன்னார். தொட்டாலே எது எது என்று தெரிந்துவிடும். அந்தக் குழப்பம் நின்றது. இன்றைக்கும் விமானங்களில் சக்கரப் பிடி சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது.

அம்மா நின்றுவிட்டாள். "அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகளப் போட்டுத் திட்டிருப்பானுவளே" என்றாள்.

திட்டினார்கள்தான். 1947-ல் பால் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் இப்படிப் பைலட் தலையில் போடப்பட்ட 460 சம்பவங்களை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பங்கு, கருவியை அமைத்த விதத்திலிருந்து பிறந்தது. அதே ஃபிட்ஸ் 1954-ல் இன்னொன்றைக் கணக்காகவே எழுதினார்: குறி சின்னதாக ஆக ஆக, தூரம் கூடக் கூட, கை அங்கே போய்ச் சேரும் நேரமும் கூடும். திரையின் அடியில் நகம் அளவு பட்டன் வைத்தவர் இந்த ஒரு விதியை மதித்திருந்தாலே எழுபத்தொரு வயதுக்காரி குனிந்து தேட வேண்டியிருக்காது. இந்த வழியில் வந்த யோசனைதான் 1980-களில் மனித-கணினி ஊடாட்டம் என்ற தனித் துறையாக வளர்ந்தது. அதன் முன்னோடிகளில் ஒருவரான டான் நார்மன் இரண்டு பள்ளங்களைச் சொல்வார்: நினைத்ததைச் செய்ய எங்கே கை வைப்பது என்று தெரியாதது ஒன்று, செய்தது நடந்ததா இல்லையா என்று தெரியாதது இன்னொன்று. அம்மா விழுந்தது இரண்டாவதில். கையசைவுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்தால்தான் நாமே செய்த மாதிரி இருக்கும். ஒரு நொடி தாண்டினால் நினைப்பு அறுபடும். பத்து நொடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். இந்தக் கணக்கு 1968 முதலே புழக்கத்தில் இருக்கிறது. அடுத்த திரை வர மூன்று நொடி ஆகும் என்றால் ஆகட்டும். அதுவரை பட்டன் நிறமாவது மாற வேண்டும், ஒரு 'டிக்' சத்தமாவது வர வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

இத்தனைக்கும் அம்மா மிஷினுக்குப் பயப்படுகிற ஆளே இல்லை. தொண்ணூறு அடி ரோட்டில் அண்ணாச்சி கடைக்குக் கூட்டிப் போனாள். போனைக் கடையின் கியூஆர் கோடுக்கு நேரே காட்டி, பின் நம்பர் போட்டு, அண்ணாச்சி முகத்தைப் பார்க்காமல் கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸையே பார்த்தபடி நின்றாள். "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது தமிழில் சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அண்ணாச்சி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நார்மன் சொன்ன இரண்டாவது பள்ளத்தை ஒரு குட்டிப் பெட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து அடைத்துவிடுகிறது. ஓட்டு மிஷினும் அப்படித்தான். சின்னத்துக்கு நேரே நீலப் பட்டன், அமுக்கினால் சிவப்பு விளக்கு, நீளமாக ஒரு 'பீப்', ஏழு நொடி கண்ணாடிக்குள் தெரியும் சீட்டு. வாசிக்கவே தெரியாதவரும் தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வர முடிகிறது. லோக்கல் ரயில் பலகையிலும் அம்மாவுக்கு 'எஸ்' என்ற ஒரே எழுத்துப் போதும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டிதான் சயானில் நிற்கும், அதற்குத்தான் அந்த 'எஸ்'. 1890 வாக்கில் தொடங்கிய டப்பாவாலாக்கள் இன்றைக்கும் மூடியில் வண்ணமும் எழுத்தும் எண்ணுமாகப் போட்டுச் சாப்பாட்டை ஆளிடம் சேர்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு மருத்துவமனை ஏன் இவ்வளவு மோசமான திரையை வைக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆற்றாமை.

வங்கி ஆப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்த வங்கி என்பதும் வேண்டாம். பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனால் 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொன்னது. எது தவறு, எப்படித் திருத்துவது, ஒன்றும் இல்லை. அம்மா அதற்கும் "நாந்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்" என்றாள்.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அந்த டோக்கன் மிஷினைத் திரை திரையாக வரைந்தேன். என் தொழிலில் இது வழக்கம். கணினியில் கை வைக்கும் முன் காகிதத்தில் வரைந்து, ஆட்களிடம் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்கச் சொல்வோம். நாம் உதவக் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. ஐந்து பேரிடம் காட்டினாலே பெரிய கோளாறுகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும் என்பது ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் சொன்னது. அம்மா, பக்கத்து வீட்டு மதினி, மாடி வீட்டுப் பெரியம்மா, அண்ணாச்சி, அவர் கடைப் பையன். ஐந்து பேர் சரியாகக் கிடைத்தார்கள்.

துறையின் பெயரை வாசிக்க வேண்டாமே என்று நான் ஒரு கண் படம் போட்டிருந்தேன். அதையே எல்லாரும் அமுக்குவார்கள் என்று உறுதியாக நம்பினேன். அம்மா அதைத் தொடவே இல்லை. "இது பாஸ்வேர்டைக் காட்டுற கண்ணுல்லா? பேங்க் ஆப்புல இருக்கே. வெளியில இத்தன பேர் நிக்கும்போது எதுக்குக் காட்டணும்?" என்றாள். மதினியும் அதையேதான் சொன்னாள். பெரியம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் மாடின்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள். ஐந்து பேரில் நான்கு பேருக்குத் துறையின் பெயர் எந்த மொழியிலும் தெரியாது. டாக்டர் முகமும் எந்த மாடி என்பதும்தான் தெரியும். பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியவந்தது.

கண் படத்தை நீக்கிவிட்டு மாடி எண்ணையும் டாக்டர் படத்தையும் பெரிதாகப் போட்டேன். 'உறுதி செய்' பச்சையில், உள்ளங்கை அகலத்துக்கு, வலப்பக்கம். 'ரத்து' எல்லாத் திரையிலும் இடப்பக்கம் மேலே, வேறு எதற்கும் அந்த இடம் கிடையாது. மொழிகளில் தமிழையும் குஜராத்தியையும் சேர்த்தேன். இந்த முறை ஐந்து பேரும் யார் உதவியும் இல்லாமல் கடைசித் தாள் வரை போனார்கள். கடைப் பையன் இரண்டு தடவை விளையாடினான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். நிர்வாகத்தில் ஒரு அம்மாள் உட்கார வைத்துக் கேட்டார். மிஷினைச் செய்து கொடுத்தவர்களிடம் அனுப்புவதாகச் சொன்னார், வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. வாட்ச்மேன் மட்டும் எங்கள் பின்னாலேயே வாசல் வரை வந்து, அந்த 'ரத்து' இடம் மாறினாலே போதும் என்று இரண்டு தடவை சொன்னார்.

போன வாரம் அம்மா மறுபரிசோதனைக்குத் தனியாகப் போய் வந்தாள். ராத்திரி போனில் கேட்டேன், மிஷின் எப்படி இருக்கிறது என்று.

"அப்படியேதான் இருக்கு. அமுக்கிட்டு அஞ்சு வரைக்கும் எண்ணிக்கிட்டே நின்னேன், டோக்கன் வந்துட்டு. பின்னால ஒரு வயசானவரு ரெண்டு தடவ அமுக்கிட்டுத் தனக்குத் தெரியலன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டாரு. உங்க மேல தப்பில்லய்யா, பட்டன வச்ச எடந்தான் சரியில்லன்னு சொல்லி நானே எடுத்துக் குடுத்தேன்."