அப்பச்சோடா, பேக்கிங் பவுடர், ஈஸ்ட், கள்ளு: எதற்கு எது?

அப்பச்சோடா, பேக்கிங் பவுடர் இரண்டும் வெள்ளைத் தூள். இரண்டும் பழைய ஜாம் போத்தல்களில், பெயர் ஒட்டாமல், ஒரே தட்டில் நின்றன. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் மகளின் பிறந்தநாளுக்குப் பட்டர் கேக் அடித்த அன்று, மச்சாள் அவசரத்தில் பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அப்பச்சோடாப் போத்தலைத் திறந்துவிட்டார். போறணைக்குள் கேக் விறுவிறுவென்று எழும்பியது. பிறகு நடுவில் குழி விழுந்து, ஓரமெல்லாம் கடும் மண்ணிறமாகி வெளியே வந்தது. ஒரு துண்டை வாயில் வைத்த பெரியம்மா, "பிள்ளை, மாவுக்குள் சவுக்காரத்தையா கரைத்துவிட்டாய்?" என்று என்னைக் கேட்டார். மச்சாள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பெரியம்மாவின் நாக்கு பொய் சொல்லவில்லை. அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று. புளிப்பான ஏதாவது சேர்ந்தால் அது காபனீரொட்சைட்டு வாயுவை விட்டுவிட்டு, தன் காரத்தன்மையையும் இழந்துவிடும். புளிப்பே இல்லாத மாவில், சூடு பட்டுத்தான் அது உடைய வேண்டும். அப்போதும் வாயு வரும். ஆனால் பின்னால் சோடியம் காபனேற்று தங்கிவிடும். உடுப்புத் தோய்க்கும் சலவைச் சோடா அதுதான். காரம் கூடினால் நிறமும் வேகமாக ஏறும். கேக்கின் ஓரம் கறுத்ததற்குப் போறணைச் சூட்டைக் குறை சொல்லி நாங்கள் வீணாக வாதாடினோம்.

பேக்கிங் பவுடர் வேறு ஏதோ மருந்தல்ல. அதே அப்பச்சோடாவுடன் உலர்ந்த அமிலத் தூளையும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளக் கொஞ்சம் சோள மாவையும் முன்கூட்டியே கலந்து வைத்தது. தன் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால் 1843இல் பேர்மிங்ஹாம் நகரத்து மருந்துக்கடைக்காரர் அல்பிரட் பேர்ட் செய்து பார்த்த கலவை இது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு கட்டமாக வேலை செய்பவை. ஈரம் பட்டவுடன் கொஞ்சம் வாயு, போறணைச் சூட்டில் மிச்சம்.

அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று விதமாகக் கேக் சுட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெண்ணெய், சீனி, முட்டை எல்லாம் ஒன்றாக அடித்த கலவையை மூன்று சிறிய தட்டுகளுக்குப் பங்கிட்டேன். தட்டுக்கு 100 கிராம் கோதுமை மா. எங்கள் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், சீனக்குடா ஆலையில் அரைத்த மாதான். முதல் தட்டில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். இரண்டாவதில் மச்சாளின் முறை, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா. மூன்றாவதில் கால் தேக்கரண்டியில் பாதி அப்பச்சோடாவும், மூன்று மேசைக்கரண்டி புளித்த கிண்ணியா எருமைத் தயிரும்.

முதல் கேக் மேலே மெல்ல வெடித்து, வெளிர் பொன்னிறத்தில், வெட்டினால் உள்ளே சிறு சிறு துளைகளோடு வந்தது. யாரும் அதைப்பற்றி ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்கள். பட்டர் கேக்குக்கு அதைவிடப் பாராட்டுத் தேவையில்லை. இரண்டாவது, பிறந்தநாள் கேக்கின் தம்பி. மூன்றாவது முதலாவதைவிடக் கொஞ்சம் குட்டை. ஆனால் மறுநாள் காலையிலும் ஈரப்பதம் போகாமல் மெத்தென்று இருந்தது. தயிரின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் தெரிந்தது. எனக்குப் பிடித்தது அதுதான். மச்சாளுக்கு முதலாவது.

எனவே என் கணக்கு இப்படி. செய்முறையில் தயிர், மோர், தேசிக்காய்ச் சாறு என்று புளிப்பு இருந்தால் அப்பச்சோடா. ஒரு கோப்பை தயிரின் புளிப்பை அரைத் தேக்கரண்டி சோடா அடக்கிவிடும். அதற்கு மேல் போடுவது சவுக்காரத்துக்கு வழி. பேரீச்சம்பழக் கேக்குக்கும் சோடாதான். பழத்தைச் சுடுநீரில் ஊறப்போடும்போது அதில் சோடாவையும் போட்டால் தோல் கரைந்து குழைந்துவிடும், கேக்கும் நல்ல கறுப்பாக வரும். அங்கே அந்தக் கறுப்பு நாம் கேட்டு வாங்குவது. புளிப்பே இல்லாத கேக்குக்குப் பேக்கிங் பவுடர். வீட்டில் பவுடர் முடிந்துவிட்டால், ஒரு தேக்கரண்டிக்குப் பதிலாகக் கால் தேக்கரண்டி சோடாவும் அரைத் தேக்கரண்டி கிறீம் ஒப் டார்டார் என்ற அமிலத் தூளும் போடலாம். மறுபக்கமாகச் சோடாவின் இடத்தில் பவுடரைப் போட்டால் மூன்று நான்கு மடங்கு வேண்டும். புளிப்பும் அடங்காமல் நிற்கும்.

2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களில் இன்னொரு வித்தியாசமும் தெரிந்தது. சோடாவும் தயிரும் சேர்ந்த கலவை காத்திருக்காது. கலந்த கணமே நுரைக்கத் தொடங்கி, மின்சாரம் வரும்போது களைத்துப் படுத்துவிடும். பேக்கிங் பவுடர் போட்ட கலவை அரைமணி நேரம் பொறுத்துக்கொண்டது. அந்த மாதங்களில் நான் முழுக்கப் பவுடர் கட்சி.

ஈஸ்டின் கதை வேறு. அது உயிருள்ளது. சீனியைத் தின்று வாயுவும் மதுசாரமும் விடும். தின்ன நேரம் வேண்டும், விட்ட வாயுவைப் பிடித்துவைக்கப் பிசைந்த கோதுமை மாவின் பசையும் வேண்டும். கேக் கலவைக்கு அது பொருந்தாது. பாணுக்கும் பணிஸுக்கும் அதை விட்டால் ஆளில்லை. குளிர்நாட்டுச் செய்முறைகள் 500 கிராம் மாவுக்கு 7 கிராம் ஈஸ்ட் போட்டு, 'வெதுவெதுப்பான இடத்தில்' வைக்கச் சொல்கின்றன. திருகோணமலையில் குசினி முழுவதுமே வெதுவெதுப்பான இடம்! கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் அந்த அளவைப் போட்டால், முற்றத்தில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மா சட்டியை விட்டு வெளியே நிற்கும். சுட்ட பாணில் புளித்த வாடை அடிக்கும். நான் பாதி அளவுதான் போடுகிறேன், பிசைவதற்குக் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர். சட்டியை ஈரத்துணியால் மூடாவிட்டால் அந்தக் காற்று மாவின் மேல் தோல் கட்டிவிடும். முதலில் நீரில் கரைத்துவிட வேண்டிய ரகம் என்றால், அந்த நீர் கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரைப்போல இருக்கட்டும். தலையில் ஊற்றினால் இதம், சுடக்கூடாது. 60 பாகை செல்சியஸ் அளவில் ஈஸ்ட் செத்தே போய்விடும்.

கள்ளை ஈஸ்டின் நாட்டு அண்ணன் என்று சொல்லலாம். தென்னையோ பனையோ, இறக்கிய கள்ளில் ஈஸ்டும் இருக்கிறது, புளிக்கவைக்கும் பக்டீரியாவும் இருக்கிறது. கடை ஈஸ்ட் போட்ட அப்பம் உப்பும். கள்ளு விட்ட அப்பம் உப்பிப் புளிக்கவும் செய்யும், அந்தச் சுவை பொட்டலத்தில் கிடைக்காது. ஆனால் கள்ளு ஒரு நாளைப்போல் மறுநாள் இராது. இரவு கரைத்த மா சிலநாள் விடியலில் அளவாகவும் சிலநாள் முகம் சுளிக்கும் புளிப்பாகவும் இருக்கும். அப்போது சுடுவதற்குச் சற்று முன் ஒரு சிட்டிகை சோடா. கூடின புளிப்பை அது தின்றுவிட்டு, அந்தத் தின்னலிலேயே புதிதாக வாயுவும் விடுகிறது. அந்தத் தூளுக்கு நம் ஊரில் அப்பச்சோடா என்று பெயர் வைத்தவர், யாராக இருந்தாலும், அப்பம் சுட்டுப் பழகியவர்தான்.

கள்ளு சேர்க்காத வீடுகளில் ஈஸ்டோ புளித்த தேங்காய்த் தண்ணீரோ போதும். பழைய பாண் துண்டை ஊறப்போட்டு மாவில் கலக்கும் பழக்கமும் உண்டு. பாணுக்குள் இருந்த ஈஸ்ட் போறணையிலேயே இறந்துபோனது. எனவே அந்தத் துண்டு மாவைப் பொங்கவைப்பதில்லை, பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு போடுகிறது.

மாவைப் பொங்கவைக்கும் இன்னொரு தூளான அமோனியத் தூளைப் பற்றி ஒரு வரி: அது மெல்லிய, மொறுமொறு பிஸ்கட்டுக்கு மட்டும். கேக்கில் போட்டால் அமோனியா வாடை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும்.

வாடைக்காற்றோடு மழை பிடிக்கும் மாதங்களில் கடற்கரை ஊரில் எந்தத் தூளையும் நம்பாதீர்கள். பேக்கிங் பவுடர் மூடிக்குள் இருந்தபடியே ஈரம் இழுத்துச் செத்துவிடும். அரைத் தேக்கரண்டியைக் கொதிநீரில் போட்டால் பொங்கிச் சீற வேண்டும். சோடாவுக்குக் கொதிநீர் வேண்டாம், தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி. போன மார்கழியில் கேக்குக்கு வெண்ணெயை அடித்து முடித்த பிறகுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. பவுடர் ஒரு குமிழிகூட விடவில்லை. மச்சாள் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். போகும்போது, புதிய போத்தலில் ஒட்டுவதற்குத் துண்டுக் காகிதமும் பசையும் எடுத்துவைக்கச் சொன்னார்.