நீலகிரி நெட்டைக்காலி 2070-இல் எங்கே இருக்கும்? கணிக்கும் மூன்று வழிகள்

நீலகிரி நெட்டைக்காலி புல்லுக்குள் ஓடித் திரியும் சின்னஞ்சிறு பழுப்புப் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அங்கேயும் பெரும்பாலும் 2,000 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள புல்வெளிகளில்தான். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695. சூடு கூடினால் மேலே ஏறிக்கொள்ளலாம் என்றாலும் மிச்சம் இருப்பது அறுநூறு, எழுநூறு மீட்டர்தான். அதற்கு மேல் வெறும் வானம்.

இந்தப் பறவை 2070-இல் எங்கே இருக்கும் என்று சொல்ல மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே தரத்தில் இல்லை என்பது என் கருத்து.

முதல் வழிதான் அதிகம் புழங்குவது. பறவையைப் பார்த்த இடங்களைப் புள்ளிகளாக வைத்து, அங்கே வெப்பமும் மழையும் எவ்வளவு என்று கணினிக்குக் கொடுப்பார்கள். இந்தப் பறவைக்கு ஒத்துவரும் தட்பவெப்பம் இது என்று அது கற்றுக்கொள்ளும். அப்புறம் 2070-இல் அதே தட்பவெப்பம் எங்கெங்கே இருக்குமோ அங்கே நிறம் பூசிக் காட்டும். மேக்ஸென்ட் என்ற முறை இதில் பிரபலம். புள்ளிகளை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலை ஏற்றும் ஈபேர்ட் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், தட்பவெப்பத் தரவு இலவசம், சாதாரண லேப்டாப் போதும். நூற்றுக்கணக்கான இனங்களை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்பது பெரிய பலம். 2019-இல் அமெரிக்காவின் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 604 வட அமெரிக்கப் பறவைகளை அலசி, 389 இனங்களுக்கு ஆபத்து என்று சொன்னது இப்படிப்பட்ட கணிப்பை வைத்துத்தான். அந்த அளவுக்கு விரிந்த வேலையை மற்ற இரண்டு வழிகளில் செய்யவே முடியாது.

ஆனால் மலையில் இந்த முறை தடுமாறுகிறது. வரைபடத்தின் ஒரு கட்டம் பெரும்பாலும் 1 கிலோமீட்டர். நீலகிரியில் அந்த ஒரு கட்டத்துக்குள் ஒரு புல் மேடு, அதன் மடிப்பில் ஒரு சோலை, அடியில் ஒரு ஓடை எல்லாம் அடங்கிவிடும். மேட்டுக்கும் ஓடைக்கும் 300 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் வெப்பத்தில் ஏறக்குறைய 2 டிகிரி மாறும். ஜனவரி இரவுகளிலோ கணக்கே தலைகீழாகிவிடும்: குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்க, உறைபனி கீழேதான் வெள்ளையாகப் படியும். கணினிக்குக் கிடைப்பது இவை அத்தனைக்கும் ஒரே சராசரி எண். போதாததற்கு, புள்ளிகள் சாலையோரத்திலேயே குவிந்து கிடக்கும்; கார் போகாத மேட்டில் பறவையே இல்லாததுபோல் தெரியும்.

ஐரோப்பாவில் இந்த முறையைச் சோதிக்க வாய்ப்பு கிடைத்தது. கூடு கட்டும் பறவைகளின் அட்லஸ் அங்கே இரண்டு முறை வந்திருக்கிறது, 1997-இலும் 2020-இலும். இரண்டையும் ஒப்பிட்டு 2023-இல் வந்த ஆய்வு, பறவைகள் ஓரிடத்தில் புதிதாக வந்ததையும் மறைந்ததையும் தட்பவெப்பப் பொருத்தத்தின் மாற்றம் சரியாக விளக்கவில்லை என்று கண்டது. பக்கத்தில் ஏற்கெனவே அந்தப் பறவை இருந்ததா என்பது போன்ற விஷயங்களுக்கு எடை அதிகம்.

இரண்டாவது வழி பறவையின் உடம்பிலிருந்து தொடங்குகிறது. எத்தனை டிகிரியில் அது வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கும், அப்போது எவ்வளவு தண்ணீர் இழக்கும், இறகு எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்று கணக்கிடுவது. அமெரிக்காவில், பெரும்பகுதி கலிபோர்னியாவில் உள்ள மொஹாவி பாலைவனத்தில் இது அருமையாக வேலை செய்தது. அங்கே ஒரு நூற்றாண்டில் ஓர் இடத்துக்குச் சராசரியாக 43% இனங்கள் குறைந்திருந்தன. உடலைக் குளிர்விக்க எந்த இனங்களுக்குத் தண்ணீர்த் தேவை அதிகமாகக் கூடியதோ அவையே அதிகம் சரிந்திருந்தன என்று 2019-இல் காட்டினார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தருவது இந்த வழி. ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி அளவீடு வேண்டும். நெட்டைக்காலியைத் தாகம் விரட்டப்போவதில்லை. புல் போய்விட்டால்தான் அது போகும். அதனால் இங்கே இந்த வழிக்கு இரண்டாம் இடம்கூடத் தரமாட்டேன்.

மூன்றாவது, பழைய இடத்துக்கே திரும்பிப் போவது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெலும் அவர் குழுவும் கலிபோர்னியா முழுக்கச் சுற்றி, பார்த்த பறவைகளை நாள் தவறாமல் குறிப்பேட்டில் எழுதினார்கள். இந்தக் குறிப்புகளின் மதிப்பு பல வருடம், ஒருவேளை ஒரு நூற்றாண்டு, கழித்துத்தான் தெரியும் என்று 1910-லேயே அவர் சொல்லியிருக்கிறார். அப்படியே ஆயிற்று. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே இடங்களுக்குத் திரும்பிப் போனார்கள். பழைய குழு ஒரே இடத்தில் பல நாள் அடுத்தடுத்து எழுதியிருந்ததால், 'இல்லை'யையும் 'இருந்தும் கண்ணில் படவில்லை'யையும் கணக்கில் பிரிக்க முடிந்தது.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 84% இனங்களின் உயர எல்லை நகர்ந்திருந்தது. நகர்ந்த எல்லைகளில் 51% மட்டுமே மேல்நோக்கி. சூடு மேலே தள்ள, மழை கீழே இழுத்திருக்கிறது. எல்லாம் மேலே ஏறும் என்று நாம் சுலபமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சை அசைத்த முடிவு இது.

இந்த வழிக்கும் ஒரு பெரிய குறை உண்டு. நடந்ததைச் சொல்லும், வரப்போவதைத் தானாகச் சொல்லாது. பழைய குறிப்பு இல்லாத ஊரில் தொடங்கவே முடியாது.

நெட்டைக்காலிக்கு நான் என்ன செய்வேன்? முதல் வழியின் வரைபடத்தை எடுத்துக்கொள்வேன், ஆனால் அதன்மேல் இன்றைய புல்வெளியின் செயற்கைக்கோள் படத்தை வைக்காமல் யாருக்கும் காட்டமாட்டேன். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது. சீகை மரம் (வாட்டில்) அடைத்துக்கொண்ட மேட்டையும் தட்பவெப்ப வரைபடம் 'பொருத்தமான இடம்' என்று பச்சையாகத்தான் காட்டும். அந்தப் பச்சையை நம்பி ஒரு பறவையைப் பத்திரம் என்று எழுதிவிடுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மிச்சமிருக்கும் பணத்தையும் ஆளையும் மூன்றாவது வழிக்கே கொடுப்பேன். நூறு வருடக் குறிப்பு நம்மிடம் இல்லாவிட்டால் இன்று தொடங்கினால் போயிற்று. குறித்துவைத்த அதே மேடு, அதே மாதம், ஒரு பருவத்தில் மூன்று நடை. ஈபேர்டில் பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். 'ஆம்' என்று சொல்லும்படி முழுமையாகப் பதியுங்கள். நெட்டைக்காலி கண்ணில் படாத நாளின் பட்டியலையும் மறக்காமல் ஏற்றுங்கள். 2070-இல் அந்த மேட்டில் ஏறி நிற்பவருக்கு அது தேவைப்படும்.