கடலூரில் செகண்ட் ஹேண்ட் கார்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

2021 பிப்ரவரியில், 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை மஞ்சக்குப்பத்தில் 2,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் 58,000 கிலோமீட்டர். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது, ஏசி சில்லென்று இருந்தது. அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இந்த நான்கு வருடத்தில் இன்ஜின் ஒரு நாளும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. பணத்தைத் தின்றதெல்லாம் துருதான்.

முதல் மழைக்காலத்திலேயே டிரைவர் பக்கம் மிதியடி நனைந்தது. கதவு ரப்பர் போயிருக்கும் என்று நினைத்து மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் சீட்டைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல், மாவு மாதிரி. ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், தகரத்துக்குள் போய்விட்டது. அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் பழுப்பாக ஒரு கறை. "இது தண்ணியில நின்ன வண்டிப்பா" என்றார். 2015 வெள்ளத்தில் நின்றிருக்க வேண்டும். எனக்கு விற்றவர் இரண்டாவது ஓனர், அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். ஓட்டையை வெட்டி வெல்டிங் வைத்து அடியில் கோட்டிங் அடிக்க 11,000 ரூபாய் ஆனது.

அதனால் நம் பக்கத்தில் கார் பார்க்கப் போகிறவர்கள் பானட்டைத் திறக்கும் முன் கீழே குனிந்து பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் தகரம், டிக்கியில் ஸ்டெப்னி குழி, சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் அடியில் துரு மறைந்திருக்கலாம், தட்டிப் பாருங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டி வெள்ளமே பார்க்காவிட்டாலும் உப்புக்காற்றில் அரித்திருக்கும். ஏசி கேஸைக் குளிர்விக்க வண்டியின் முன்பக்கம் இருக்கும் கண்டன்சரும் அப்படித்தான் அரிக்கும். எனக்கு இரண்டாவது கோடையில் கேஸ் இறங்கியது. கண்டன்சரை மாற்ற 9,000 ரூபாய். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் வந்தது. அப்போது நனைந்த வண்டியும் விற்பனைக்கு வரலாம், கழுவித் துடைத்த பிறகு வாசனைகூடத் தெரியாது.

இன்ஜினுக்கு ஒரே யோசனை: காலையில் போங்கள், வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடிக்கு உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், மெக்கானிக்கைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது கடகடவென்றால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். கிளட்ச் பெடல் மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் பிளேட் முடியப்போகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

புதுச்சேரி பதிவெண் வண்டி விலை குறைவாகத் தெரியும். நம் ஊரில் வைத்து ஓட்ட அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், இங்கே சாலை வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

போன மாதம் மச்சானுக்காக ஒரு வண்டி பார்க்கப் போனோம். பளபளவென்று இருந்தது, விலையும் படிந்தது. பெல்ட்டை இழுத்தேன், அதே பழுப்புக் கறை. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.