பழைய சவரக்கத்தி ‘ஃபுல் ஹாலோ’ என்று விற்பனைக்கு வந்தால் நுனிப்பக்கப் படம் கேளுங்கள்

கோவையிலிருந்து பழைய சவரக்கத்திகளை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு விற்கும் ஒருவரிடம் ஏமாந்த கதை இது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் வேண்டாம். கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

“ஷெஃபீல்டு, 1840 காலத்து ஃபுல் ஹாலோ” என்று போட்டிருந்தார். ஷெஃபீல்டு என்பது கத்திக்குப் பெயர்போன இங்கிலாந்து ஊர்; ஃபுல் ஹாலோ என்றால் இரண்டு பக்கமும் ஆழமாகக் குழித்து மெலிதாக்கிய கத்தி. விலை 6,500 ரூபாய். படமெல்லாம் பக்கவாட்டில், பளபளவென்று. நுனிப்பக்கத்திலிருந்து ஒரு படம் கேட்டதற்கு, “ஃபோகஸ் ஆகலீங்க, பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிருங்க” என்றார். அந்த வாக்கை நம்பித்தான் பணம் போனது.

கத்தி எந்தச் சாணை, அதாவது பக்கங்களை எந்த வடிவத்தில் தேய்த்திருக்கிறார்கள் என்பதைப் பக்கவாட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. கத்தியைத் திறந்து நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். முதுகிலிருந்து வாய் வரை நேராக ஒடுங்கி வந்தால் அது வெட்ஜ், நம் பேச்சில் ஆப்புக் கத்தி. இரண்டு பக்கமும் லேசாக உள்வாங்கியிருந்தால் கால் ஹாலோ அல்லது அரை ஹாலோ. தடித்த முதுகுக்குக் கீழே சட்டென்று தகடாக மெலிந்தால்தான் ஃபுல் ஹாலோ. அதிலும் நல்ல வேலைப்பாட்டில் குழிவு இரண்டு இருக்கும்; இரண்டும் சேருமிடத்தில் மெல்லிய மேடு ஒன்று வாய்க்கு இணையாக ஓடும். கட்டைவிரல் சதையால் வாயோரத்தை மெல்லத் தட்டிவிட்டால் ஃபுல் ஹாலோ ‘ணிங்’ என்று ரீங்கரிக்கும். ஆப்பு ஊமை.

வந்த கத்தி ‘டொக்’ என்றது. ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தால் வெளிச்சம் தகரக் கூரையில் விழுந்த மாதிரி நெளிந்தது. மேட்டுக்கோடு கிடையாது.

பாதி பிளேடு போட்டுச் சவரம் செய்கிற வழக்கம் வருவதற்கு முன்பே சலூன் நடத்திய பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “கண்ணு, இது ஆப்புக் கத்தி. கிரைண்டர்ல வெச்சு வயித்தச் சுரண்டியிருக்கானுக. பதம் போயிருச்சு.” பாலிஷ் சக்கரம் எட்டாத இடம் ஒன்று உண்டு: வாய் முடிந்து காம்பு தொடங்கும் மூலை. அங்கே நகக்கண் அளவுக்கு நீலம் பூத்திருந்ததைக் காட்டினார். சவரக்கத்தியைப் பதப்படுத்துவது 200 டிகிரி சொச்சத்தில். எஃகில் நீலம் ஏற வேண்டுமென்றால் சூடு 300 டிகிரியை நெருங்கியிருக்க வேண்டும். அப்படி வெந்த வாய் கடினம் இழந்திருக்கும்; கல்லில் தீட்டினால் கூர் ஏறும், ஒரு கன்னம் முடிவதற்குள் மழுங்கிவிடும்.

1840 என்பதே இடிக்கிறது. அந்தக் காலத்து ஷெஃபீல்டு கத்திகள் பெரும்பாலும் ஆப்பும் ஆப்பை ஒட்டியவையும்தான். ஃபுல் ஹாலோ பரவலானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதில் பெயர் வாங்கிய ஊர் ஜெர்மனியின் சோலிங்கன். இன்னொன்றும் சொல்கிறேன். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் மெக்கின்லி சட்டம் கொண்டுவந்தது. ‘ஜெர்மனி’ என்று முத்திரை குத்திய கத்தியை 1850 என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

திருப்பி அனுப்புகிறேன் என்றதும் பேச்சு மாறியது. “பழைய சாமானுக்கு ரிட்டர்ன் இல்லீங்க. கேஸ் போடணும்னா கோயமுத்தூருக்கு வாங்க.” எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் அலைய மாட்டான் என்ற தைரியம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்துவிட்டேன். அசையவில்லை என்றால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கோவை ஆளிடம் இதே மாதிரி வாங்கி மாட்டியவர்கள் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காதீர்கள். கத்தியை மேலும் தீட்டவும் வேண்டாம், அந்த நீலம்தான் சாட்சி. எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்த்துக் கொடுக்கலாம்.