தயார் நாயகனா, நாமே உருவாக்கும் நாயகனா?

கொடுங்கோல் ஆட்சி நடக்கும் மாய உலகத்தை ரோல்பிளேயிங் கேமாக, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேமாக எழுதும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். 2015இல் வந்த ‘தி விட்சர் 3’ ஜெரால்ட் என்ற தயார் நாயகனை நம் கையில் கொடுத்துவிடுகிறது. பழைய காதல், பழைய பகை எல்லாம் அவனுக்கு உண்டு. அதனால் வசனம் கூர்மையாக விழுகிறது. ஆனால் அந்த உலகின் அடக்குமுறையை பெரும்பாலும் அவன் கண்வழியேதான் பார்க்கிறோம்.

என் ஓட்டு நாயகனை நாமே உருவாக்கும் 2009இன் ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ வழிக்குத்தான். அதில் ஆறு தொடக்கக் கதைகள். நகரத்து எல்ஃபாக (கூர்காது கொண்ட கற்பனை இனம்) தொடங்கினால், சுவர் சூழ்ந்த குடியிருப்பில் நம் கல்யாண நாளன்றே பிரபுவின் மகன் ஆட்களோடு புகுந்து பெண்களை இழுத்துப் போகிறான். சட்டம் யாரை நசுக்குகிறது என்று அப்புறம் யாரும் விளக்கவே வேண்டாம், கோபம் நம்முடையதாகிவிடுகிறது. எழுத்து வேலை பல மடங்கு கூடும்தான். நாயகனுக்கு முழுக் குரல்நடிப்பும் அதில் கிடையாது.