கட்டெறும்பா, பெருந்தலையா? பெங்களூரு வீட்டுக்கு எந்த எறும்பு தோது

மாஞ்சாரல் பெய்து ஓய்ந்த இரவில், அல்சூரில் எங்கள் தெருவிளக்கின் அடியில் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தால், என்ன தொலைத்தீர்கள் என்று யாராவது கேட்காமல் போக மாட்டார்கள். முதல் ஆண்டு, மோதிரம் என்று பொய் சொன்னேன். இப்போது உண்மையையே சொல்லிவிடுகிறேன்: எறும்பு ராணி தேடுகிறேன். அதற்குப் பிறகு யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

அம்மா மட்டும் இன்றுவரை கேட்கிறார். "ஊரில் எறும்பு வந்தால் மருந்து வைப்பார்கள். நீ ஏனடா சோறு வைக்கிறாய்?" காலையில் வாசலில் அரிசிமாவுக் கோலம் போடுவதே எறும்புக்குத்தான் என்று சொல்பவரும் அவரேதான். வாசலோடு நின்றால் தர்மம், அலமாரிக்குள் வந்தால் பைத்தியம். எங்கள் வீட்டுக் கணக்கு இது.

எந்த எறும்பை வளர்க்கலாம் என்று கேட்பவர்கள் வழக்கமாக நிறத்தையும் அளவையும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: ராணி எப்படிக் கைக்கு வருகிறாள்? பறந்து வந்து விழுந்த ராணியை எடுப்பதும், வாழ்கிற புற்றைத் தோண்டுவதும் ஒன்றாகாது. பறந்து இறங்கும் ராணிகளில் பெரும்பாலானவை பல்லிக்கும் ஓணானுக்கும் போகிறவை. ஒன்றை எடுத்தால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. புற்றைத் தோண்டினால் ஒரு குடும்பமே போகிறது. பெங்களூருவில் கிடைக்கும் எறும்புகளை இந்த ஒரு கேள்வியை வைத்தே பாதி வடிகட்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. முதல் மழையில் நான் ஆசையாகப் பிடித்ததில் பாதி ஈசல். ஈசல் கறையான் இனம், எறும்புக்கு உறவே கிடையாது. ஈசலின் நான்கு இறக்கையும் ஒரே நீளம், உணர்கொம்பு நேர், இடுப்பு என்று ஒன்று இல்லை. எறும்பு ராணிக்கு நூல்போல் இடுப்பு, முழங்கைபோல் மடங்கிய உணர்கொம்பு, முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் பரபரவென்று பொந்து தேடி அலைகிறவள்தான் நமக்கு வேண்டியவள். இறக்கையோடு இருப்பவளைப் பிடித்தால், இணைசேராமல் வீணாகும் வாய்ப்பு அதிகம்.

இப்படிக் கைக்கு வருவதில் முதலிடம் கட்டெறும்புக்கு. அறிவியல் பெயர் காம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ். எதிர்முனையில் பெருந்தலை எறும்பு, அதாவது ஃபெய்டோலே பேரினத்தைச் சேர்ந்த பொடி எறும்புகள். இந்த இரண்டையும் நான் நான்கு ஆண்டுகளாக ஒரே அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒன்று யானை வளர்ப்பது போல. மற்றது கோழிப்பண்ணை வைப்பது போல.

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே. சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து ஒரு பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றி, யாரும் தொடாத இடத்தில் வைத்துவிட வேண்டும். சாப்பாடு வேண்டாம். இரண்டு ராணிகளும் மண்ணுக்குள் அறையை அடைத்துக்கொண்டு, இனி தேவைப்படாத பறக்கும் தசைகளைக் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்ப்பவை. இந்தக் கட்டத்தில் கொல்வது பசியல்ல, நம் ஆர்வம்தான். நான் தினமும் டார்ச் அடித்துப் பார்த்த முதல் ராணி, தன் முட்டைகளைத் தானே தின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. என் கட்டெறும்பு ராணிகளுக்கு முதல் வேலைக்கார எறும்பு வர ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் ஆனது. பெருந்தலைக்கு ஒரு மாதம் போதும். ஓராண்டு முடிவில் கட்டெறும்பு வீட்டில் ஒருவர் ஒருவராக எண்ண முடிகிற கூட்டம். பெருந்தலை வீட்டில் எண்ணுவதை மூன்றாம் மாதமே விட்டுவிட்டேன். காத்திருக்கத் தெரியாதவர்களுக்குக் கட்டெறும்பு சரிவராது என்று சிலர் சொல்வார்கள். காத்திருக்கத் தெரியாதவர்கள் எறும்பே வளர்க்க வேண்டாம் என்பது என் கட்சி.

கட்டெறும்பில் பார்க்கக் கிடைப்பது வேறு எதிலும் இல்லை. நாம் ஊரில் 'எறும்பு முட்டை' என்று சொல்லும் வெளிர்மஞ்சள் உருண்டை உண்மையில் முட்டையே அல்ல. புழு தன்னைச் சுற்றிப் பின்னிய பட்டுக்கூடு. உள்ளே இருப்பது முழு எறும்பு. பிறக்கும் நேரம் வந்ததும் அக்காமார் இருவர் கூட்டைப் பிடித்துக்கொண்டு முனையைக் கடித்துக் கிழிக்கிறார்கள். முதலில் ஒரு கால் வெளியே வரும். பிறகு ஈரத்தோடு மடங்கிய உணர்கொம்பு. வெளிவந்தது பாலாடை நிறத்தில் தள்ளாடி நிற்கும், அதை நக்கித் துடைப்பார்கள். ஓரிரு நாளில் கறுத்துவிடும். இதை வெறும் கண்ணால் பார்க்கலாம், பூதக்கண்ணாடி வேண்டாம். பெருந்தலையில் கூடு கிடையாது, கூட்டுப்புழு அம்மணமாகவே கிடக்கும். வளர்ச்சியை நாளுக்கு நாள் பார்க்க அது வசதிதான், ஆனால் கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் பெருந்தலை ஜெயிக்கிறது. சர்க்கரைத் தண்ணீரும் செத்த பூச்சியும் இரண்டுக்கும் பொது. ஆனால் என் பெருந்தலைகள் கேழ்வரகும் தின்கின்றன. ஒரு கேழ்வரகு மணியைப் பொடியன்கள் ஐந்தாறு பேர் இழுத்து வர, உடம்பில் பாதி தலையாகவே இருக்கும் ஒருத்தி மெதுவாக நடந்து வந்து அதைத் தாடையில் வைத்து உடைக்கிறாள். அவளுக்கு அந்தத் தலை முழுவதும் தாடைத் தசை. உடைத்துப் போட்டுவிட்டு மூலையில் போய் நின்றுவிடுவாள். கர்நாடகத்தில் இருந்துகொண்டு ராகி தின்னாத எறும்பை வளர்ப்பதில் என்ன அர்த்தம் என்று ஒரு நண்பர் கேட்டார். கட்டெறும்பின் பக்கத்திலும் ஒரு வசதி உண்டு: அதன் உடலுக்குள் வாழும் ஒருவகை பாக்டீரியா அதற்குத் தேவையான அமினோ அமிலங்களைத் தயாரித்துத் தருகிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் சர்க்கரைத் தண்ணீரில் சமாளித்துக்கொள்கிறது.

காவல் என்று வந்தால் தலைகீழ். கட்டெறும்புக்குக் கொடுக்கு இல்லை. கடித்துவிட்டு, கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். வலிக்கும், அவ்வளவுதான். அது பெரிய உடம்பு, எந்தப் பொந்தில் நுழையும் என்று நமக்குத் தெரியும். பெருந்தலைக்கோ கதவு, வலை, மூடி எல்லாம் வெறும் யோசனைகள். பெட்டியின் விளிம்பில் டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசினால் கால் வழுக்கும் என்பார்கள். மார்ச் மாதத்தில் வழுக்கியது. ஜூலைச் சாரலில் காற்றின் ஈரத்தில் பவுடர் உரிந்து, ஒரு காலையில் அம்மாவின் வெல்ல டப்பாவுக்கும் என் அலமாரிக்கும் இடையே நேர்கோட்டில் ஒரு நெடுஞ்சாலை ஓடியது. அன்று வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை. கடைசியில் தீர்வு சொன்னவரும் அம்மாதான்: நெய் ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தும் பழைய உத்தி. பெட்டி முழுவதையும் ஒரு தட்டில் நிறுத்தி, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டேன். சோப்பு இல்லாத தண்ணீரில் தூசி படிந்தால் பொடி எறும்பு மிதந்தே கரை சேர்ந்துவிடும்.

கூட்டுக்கு இரண்டுக்கும் நான் பயன்படுத்துவது கட்டுமான இடங்களில் உடைந்து கிடக்கும் ஏஏசி பிளாக் துண்டு, அதாவது சுவர் கட்டும் எடைகுறைந்த கான்கிரீட் கல். பெங்களூருவில் அதற்கா பஞ்சம்? கேட்டால் மேஸ்திரியே எடுத்துப்போகச் சொல்வார். நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல்லில் பழைய திருப்புளியால் அறைகளைக் குடைந்து, மேலே கண்ணாடி வைத்து, ஒரு மூலையில் தண்ணீர் விட்டால் ஈரம் மெதுவாகப் பரவும். ஈரமான பக்கம் புழு, உலர்ந்த பக்கம் கூடு என்று கட்டெறும்புகள் தாமே பிரித்து அடுக்கிக்கொள்ளும். கடையில் விற்கும் அக்ரிலிக் கூடுகள் பார்வைக்கு அழகு, ஆனால் ஈரம் நிற்பதில்லை.

மூன்றாம் ஆண்டு நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். மாடிப்படியில் செத்துக் கிடந்த ஒரு கரப்பானை எடுத்துக் கட்டெறும்புக்கு வைத்தேன். முதல் நாள் கட்டடத்தில் பூச்சிமருந்து அடித்தது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை குப்பை மூலையில் பிணக்குவியல். இருநூற்றுச் சொச்சம் இருந்த கூட்டத்தில் நாற்பது மிஞ்சியது. ராணி எப்படியோ பிழைத்தாள். கழுதை தேய்ந்தால் கட்டெறும்பு ஆகும் என்பார்கள். கட்டெறும்பு தேய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லி வைக்கவில்லை. பெருந்தலைக் கூட்டமாக இருந்தால் அந்த இழப்பு இரண்டு மாதத்தில் சரியாகியிருக்கும். கட்டெறும்புக்கு ஓராண்டு பிடித்தது. இப்போது நானே வளர்க்கும் மாவுப்புழுவும், அவித்த முட்டையின் மஞ்சள் கருவும்தான்.

இவை இரண்டையும் தாண்டி, பெங்களூருவில் எறும்பு ஆசை முற்றியவர்கள் கண் வைப்பது இரண்டு வேட்டைக்கார எறும்புகள் மேல்: டயகாம்மா, ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். டயகாம்மா சாம்பல் நிறத்தில், விரல்ரேகைபோல் வரி ஓடிய உடம்போடு பூங்கா ஓரங்களில் தனியாக நடந்து திரிவது. அதன் புற்று வாசலில் இறகும் செத்த எறும்பும் கிடந்தால் குப்பை என்று நினைக்காதீர்கள். வறண்ட காலத்தில் அதில் படியும் பனித்துளியைக் குடிப்பதற்கான ஏற்பாடு அது. இந்த எறும்பில் ராணியே கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்திதான் இணைசேர்ந்து முட்டையிடுகிறாள். புதிதாகப் பிறப்பவர்களின் மார்பில் இருக்கும் சிறு மொட்டுகளைக் கடித்துத் துண்டித்துவிட்டால் அவர்கள் போட்டிக்கு வர முடியாது. எவ்வளவு கொடுமையான அரசியல்! ஆனால் என் முதல் கேள்வியில் இது தோற்றுவிடுகிறது. பறந்து விழும் ராணி இல்லையென்றால் புற்றைத் தோண்டத்தான் வேண்டும். தோண்டினாலும் முட்டையிடும் அந்த ஒருத்தி அகப்படாவிட்டால், பெட்டியில் இருப்பது சில மாதத்தில் முடியும் கதை.

ஹார்பெக்னாதோஸ் பெரிய கண்ணும் நீண்ட தாடையும் கொண்டு, பார்த்துத் துள்ளிப் பிடிக்கும் எறும்பு. தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்ட ஜெர்டன் 1851இல் விவரித்தது. 2010இல் முதன்முதலாக மரபணுத் தொகுப்பு படிக்கப்பட்ட இரண்டு எறும்புகளில் ஒன்று. ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்பால் வாரக்கணக்கில் குத்துச்சண்டை போட்டு வாரிசு தேர்கிறார்கள். வென்றவளின் மூளை சுருங்குகிறது, பதவியிலிருந்து இறக்கினால் மீண்டும் வளர்கிறது என்று 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. படிக்கப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு உயிருள்ள பூச்சி ஓயாமல் வேண்டும், கொடுக்கும் உண்டு. வாடகை வீட்டில் வெட்டுக்கிளி வளர்த்து அதை எறும்புக்குப் போடும் அளவுக்கு எனக்கு இன்னும் முற்றவில்லை. டயகாம்மாவா இதுவா என்று கேட்டால், இரண்டையும் கப்பன் பூங்காவில் மண்டியிட்டுப் பாருங்கள் என்பேன். அங்கிருந்தும் லால்பாகிலிருந்தும் எதையும் எடுத்து வராதீர்கள். பன்னேர்கட்டா தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் ஒரு பூச்சியையும் தொடக் கூடாது.

முசுறு பற்றியும் கேட்கிறார்கள். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் செம்முசுறு ஒரே மரத்தோடு நிற்பதில்லை. ஒரு கூட்டம் பல மரங்களில் பல கூடுகளாகப் பரவும். அதைப் பெட்டியில் அடைப்பது கடலைச் சொம்பில் மொள்வது. செம்மண் நிற மார்பும் கறுத்த தலையும் வயிறுமாகக் காய்ந்த கிளைகளில் ஓடும் டெட்ராபொனெரா ரூஃபோநிக்ராவின் கொடுக்குச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். சோலெனோப்சிஸ் ஜெமினாட்டா என்ற நெருப்பெறும்பு அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே பரவியது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள்.

கடைசியாக வெளிநாட்டு எறும்புகள். ஐரோப்பாவில் எல்லோரும் தொடங்குவது கறுப்புத் தோட்ட எறும்பு லாசியஸ் நைகரில் அல்லது விதை சேர்க்கும் மெஸ்ஸார் பார்பாரஸில். பெங்களூருவில் அவற்றுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டி ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்கே இடம் போதவில்லை. அதைவிடப் பெரிய காரணம், தப்பித்தால் என்ன ஆகும் என்பது. கிறிஸ்துமஸ் தீவில் மனிதர் வழியே வந்து சேர்ந்த மஞ்சள் பைத்தியக்கார எறும்பு அங்கிருந்த சிவப்பு நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. ராணிக் கடத்தலும் சிறு விஷயமல்ல: கென்யாவிலிருந்து ஆயிரக்கணக்கான ராணிகளைக் கடத்த முயன்ற நால்வருக்கு 2025 மே மாதம் நைரோபி நீதிமன்றம் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது.

ஆக என் தேர்வு கட்டெறும்பு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, வாரம் ஒரு மாற்றம் கண்ணில் பட வேண்டும் என்றால் பெருந்தலை, சோப்புத் தண்ணீர்த் தட்டோடு. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். நான் தொடங்கினேன், வெல்ல டப்பா கதை உங்களுக்குத் தெரியும்.

இப்போது அலமாரியில் நான்கு குழாய்கள். மூன்றில் கட்டெறும்பு ராணி. நான்காவது, போன வாரம் பால் பூத் வாசலில் அகப்பட்டவள், யாரென்று முதல் வேலைக்காரி வெளியே வந்தால்தான் தெரியும். அடுத்த மாதம் முதல் தேதி வரை கறுப்புத் தாளைப் பிரிக்கக் கூடாது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்று அதன் கீழே அம்மாவின் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: தண்ணீர்த் தட்டு எங்கே?